பல் கம்பி கட்டுவதற்கு முந்தைய வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வரிசை தப்பிய பற்களுக்குக் கம்பி கட்டுவது என்று முடிவாகி, எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்து, கட்டணமும் பேசி முடித்த பிறகு, "இன்று கம்பி கட்டப் போவதில்லை, இந்த ரப்பர் வளையங்களை மாட்டி அனுப்புகிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று பல் மருத்துவர் சொல்லும்போது, பெற்றோர் பலருடைய முகத்தில் சிறு ஏமாற்றம் தெரியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை என்பதால் அதைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை. கூட்டம் நிரம்பிய நேரத்தில் மருத்துவமனையிலும் அதிகம் விளக்குவதில்லை. அன்றிரவு பிள்ளை சோற்றை மெல்ல முடியாமல் தட்டைத் தள்ளி வைக்கும்போதுதான், 'ஏதோ தவறாகப் போட்டுவிட்டார்களோ' என்ற கவலையுடன் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் எது இயல்பு, எதைக் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

ஸ்பேசர் என்றும் செப்பரேட்டர் என்றும் மருத்துவமனையில் சொல்லப்படும் இந்த வளையம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெரும்பாலும் நீலம் அல்லது பச்சை நிறத்தில் இருக்கும். கம்பி சிகிச்சையில் ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப்பற்களைச் சுற்றி எஃகுப் பட்டை ஒன்றைப் பொருத்தி, அதிலுள்ள குழாய்க்குள் கம்பியின் முனையை நுழைப்பது வழக்கம். அந்தப் பட்டையின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் இடத்தில் நூல்கூட இழுத்து அழுத்தினால்தான் இறங்கும். எஃகு எங்கே இறங்கும்? ஆகவே இழுத்து மெலிதாக்கிய ரப்பர் வளையத்தை இரு பற்களுக்கிடையே முன்கூட்டியே செருகிவிடுகிறோம். அது தன் பழைய பருமனுக்குத் திரும்ப முயலும் விசையிலேயே பற்கள் சில நாள்களில் விலகி, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்துவிடும். கம்பி கட்டுவதற்கு மட்டும் என்றில்லை. சொத்தையான பால் கடைவாய்ப்பல்லுக்கு எஃகு உறை மாட்டும் முன்பும், இரு பற்களுக்கிடையே ஒளிந்திருக்கும் சொத்தையை நேரில் பார்ப்பதற்கும் இதே வளையத்தைப் பயன்படுத்துவதுண்டு.

எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இந்த வளையமே போடாமல் கம்பி கட்டினார்களே என்று சிலர் கேட்பார்கள். அதில் பிழையேதும் இல்லை. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899இல் முதல் கடைவாய்ப்பல்லை அடிப்படையாக வைத்துப் பல் பொருத்தத்தை வகைப்படுத்தினார். அதற்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில் மிக நீண்ட காலத்துக்கு, முன்பல் முதல் கடைவாய்ப்பல் வரை ஒவ்வொரு பல்லையும் பட்டை சுற்றித்தான் பிடித்தார்கள்; அதனால் வாய் முழுவதும் இடைவெளி உண்டாக்க வேண்டியிருந்தது. பல்லின் எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் அதன்மேல் பிசின் உறுதியாகப் பிடிக்கும் என்று மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955இல் காட்டினார். பிறகு மெல்ல மெல்ல முன்பற்களின் பட்டைகள் மறைந்து, பல்லின்மேல் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் வந்தன. இன்று கடைவாய்ப்பல்லிலும் குழாயை நேரே ஒட்டிவிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வளையம் தேவைப்படாது. கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைகளான அலைனர்களுக்கும் தேவையில்லை. ஆனால் மேல்தாடையை விரிக்கும் கருவி, அண்ணத்தின் குறுக்கே செல்லும் கம்பி போன்றவை வேண்டியிருக்கும்போதும், பெரிய அடைப்போ உறையோ உள்ள பல்லில் ஒட்டு சரியாகப் பிடிக்காது என்னும்போதும், பட்டைதான் நம்பகமானது என்பது என் கருத்து.

மாட்டும்போது ஊசி இல்லை, மரத்துப்போகும் மருந்தும் இல்லை. முனைகள் விரியும் ஒரு சிறிய இடுக்கியாலோ, வளையத்தின் இரு பக்கமும் கோத்த பல் நூலாலோ அதை இழுத்துப் பிடித்து, இரு பற்கள் தொடும் இடத்தில் முன்னும் பின்னும் அசைத்து இறக்குவார்கள். வளையத்தின் பாதி தொடும் இடத்துக்குக் கீழேயும் மற்றப் பாதி மேலேயும் நின்றால் சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியில் ஓர் இறுக்கமும் ஈறில் சிறு கிள்ளலும் தெரியும். சிலருக்கு ஒரு சொட்டு இரத்தம் வரலாம். பிறகு நாற்காலியை விட்டு எழும்போது, இறைச்சி நார் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டதைப் போன்ற உணர்வுதான் மிஞ்சும். நாக்கு ஓயாமல் அங்கேயே போகும். பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரும் வழியில் "இவ்வளவுதானா?" என்று அது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஏனென்றால் வலி அப்போது தொடங்குவதில்லை. சுமார் நான்கு மணி நேரம் கழித்து மெல்ல எழுந்து, முதல் இரண்டு நாள்களில் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாளிலிருந்து தணியத் தொடங்கி, ஐந்தாறு நாள்களில் பெரும்பாலோருக்கு மறைந்துவிடும். காலையில் மாட்டிக்கொண்டால் மாலையிலும் மறுநாளும்தான் சிரமம் என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது மந்தமான அழுத்தமாகவும், கடிக்கும்போது சுளீரென்றும் இருக்கும். பல் நேரடியாக எலும்பில் ஊன்றப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் நார்த்திசு ஒன்று இருக்கிறது. வளையம் பல்லைத் தள்ளும்போது அந்தத் திசு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இழுபடுகிறது. அங்கே இரத்த ஓட்டம் மாறி, புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. வலியை உணர்த்துவதும் அவைதான். நசுங்கிய பக்கத்து எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைப்பதும் அவைதான். ஆகவே இந்த வலி பல் நகரத் தொடங்கியதன் அறிகுறி. வலியே இல்லையென்றால் வளையம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். இயல்பாகவே கொஞ்சம் இடைவெளி உள்ள வாய்க்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போவதுண்டு.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளையைத் தாண்டக் கூடாது. வலி முற்றிய பிறகு கொடுப்பதைவிட, அது தலைதூக்கும் முன்பே முதல் மாத்திரையைக் கொடுத்துவிடுவது நல்லது. ஐபுப்ரோஃபென் புரோஸ்டாகிளாண்டினையே தடுப்பதால், பல் நகர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அதைத் தவிர்க்கும் மருத்துவர்கள் உண்டு. ஓரிரு வேளை கொடுப்பதால் பெரிய வேறுபாடு வந்துவிடாது என்றாலும், நம் ஊரில் டெங்கு பரவும் மழை மாதங்களில் காய்ச்சலும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு ஆகாது. பாட்டிமார் பரிந்துரைக்கும் கிராம்புத் தைலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்: அது சொத்தைப் பல்லின் வலிக்குக் கொஞ்சம் உதவலாமே தவிர, வேரைச் சுற்றி எழும் இந்த வலியைத் தொடாது, ஈறைப் புண்ணாக்குவதுதான் மிச்சம். வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து கொப்பளிப்பது இதமாக இருக்கும்.

சாப்பாட்டில் முதல் இரண்டு நாள்கள் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், பொங்கல், தயிர் சாதம் என்று நம் சமையலிலேயே வழி தாராளமாக இருக்கிறது. வளையம் இருக்கும் நாள் முழுவதும் விலக்க வேண்டியவை ஒட்டும் பண்டங்கள்: அல்வா, டாஃபி, சூயிங் கம், கடலை மிட்டாய். இவை வளையத்தைக் கவ்வி இழுத்து வந்துவிடும். முறுக்கும் சீடையும் வளையத்துக்குப் பெரிய கேடு செய்யாவிட்டாலும், வலிக்கும் பல்லில் அவற்றைக் கடிக்க யாருக்கும் மனம் வராது. வழக்கம்போலக் காலையும் இரவும் பல் துலக்கலாம், துலக்கவே வேண்டும். வளையம் உள்ள இடுக்கில் பல் நூலை மட்டும் விடக் கூடாது. பல்குச்சியும் ஊக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இனி, இந்த உரையில் நேயர்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதற்கு வருகிறேன். மொத்தம் எத்தனை வளையங்கள் போட்டார்கள், எந்தெந்த இடத்தில் போட்டார்கள் என்று மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதை ஒட்டி முளைக்கும் இரண்டாம் கடைவாய்ப்பற்களும் வந்துவிட்ட பிள்ளைக்கு, நான்கு பற்களுக்கும் முன்னும் பின்னுமாக எட்டு வளையங்கள் வரலாம். அவை இன்னும் முளைக்காத பிள்ளைக்கு நான்கே போதும். தினமும் இரவில் பல் துலக்கிய பிறகு, கைப்பேசி விளக்கைப் பிடித்து அவற்றை எண்ணிப் பாருங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் மூன்று வகையில் அது நேர்ந்திருக்கலாம். வெளியே விழுந்திருக்கலாம், விழுந்த வளையம் கையில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், நீங்களே திரும்ப மாட்ட முயல வேண்டாம். முதல் ஓரிரு நாளிலேயே விழுந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுப் புதிது போட்டுக்கொள்ள வேண்டும். கடைசி நாள்களில் விழுந்தால் பெரும்பாலும் போதிய இடம் கிடைத்ததால்தான் தளர்ந்து விழுந்திருக்கும். ஆனாலும் விலகிய பற்கள் விரைவில் மறுபடி நெருங்கிவிடும் என்பதால், தகவல் சொல்லி மருத்துவரிடம் போகும் நாளை முன்னால் இழுத்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டோடு விழுங்கியிருக்கலாம், அதனால் தீங்கில்லை, மலத்தோடு போய்விடும். விழுங்கும்போது புரையேறி, விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. பல் கழுத்துப் பக்கம் குறுகுவதால், வளையம் கீழ்நோக்கி வழுக்கி ஈறுக்குள் மறைந்துவிடலாம். வெளியே எதுவும் தெரியாது, வலியும் நின்றிருக்கும். விழுந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கையில், அது வேரைத் தொடர்ந்து இன்னும் உள்ளே இறங்கும். சில வாரங்கள் கழித்து அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் இரத்தமோ சீழோ வரும், பல் ஆடத் தொடங்கும். எலும்பு கரைந்து பல்லையே இழந்தவர்களும் உண்டு. ரப்பர் எக்ஸ்ரேயில் எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. வளையங்களுக்குப் பளிச்சென்ற நிறம் கொடுப்பதற்கு, எளிதில் கண்ணில் பட வேண்டும் என்பது முக்கியக் காரணம். காணாமல் போன வளையம் கையில் கிடைக்கவில்லை என்றால், "விழுந்திருக்கும்" என்று நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவர் ஈறைத் தளர்த்திப் பார்த்து உறுதி செய்வார்.

இதையொட்டி ஒரு வார்த்தை. முன்பற்களின் இடைவெளியை மூடுவதற்கு என்று ரப்பர் வளையங்களை இணையத்தில் விற்கிறார்கள். சாதாரண ரப்பர் பேண்டையே மாட்டிக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். முன்பல்லின் வேர் கூம்பு வடிவமானது. அதைச் சுற்றிய ரப்பர் தானாகவே ஈறுக்குள் ஏறிப்போய், மருத்துவரிடம் வரும்போது பல்லைக் காப்பாற்ற முடியாத நிலையில் இருக்கும். மருத்துவர் மாட்டும் வளையத்துக்கு நாள் கணக்கு இருக்கிறது, அதை எடுப்பதற்கு ஆள் இருக்கிறது. இதற்கு இரண்டுமே இல்லை.

பிறவி இதயக் குறைபாடோ செயற்கை வால்வோ உள்ளவர்கள், இரத்தம் எளிதில் உறையாதவர்கள், இயற்கை ரப்பரான லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோர் வளையம் போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். லேடெக்ஸ் கலவாத வளையங்கள் கிடைக்கின்றன. எஃகுச் சுருள் செப்பரேட்டர்களும் உண்டு. சுருளின் முனை கன்னத்தில் உரசினால் அதன்மேல் சிறிது பல் மெழுகை ஒட்டிக்கொள்ளலாம்.

குறித்த நாளில் மருத்துவர் ஒரு மெல்லிய கொக்கியால் வளையங்களை ஒவ்வொன்றாக எடுப்பார். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒன்றா என்று நீங்களும் எண்ணுங்கள். அதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எடுத்த உடனே பெரும் நிம்மதி தெரியும். பிறகு பட்டைகளை அளவு பார்த்து, ஒரு சிறு கட்டையைக் கடிக்கச் சொல்லி அழுத்தி, சற்றே புளிப்புச் சுவையுள்ள சிமென்ட்டால் ஒட்டுவார்கள். இடைவெளி இருந்தால் பட்டை சுலபமாக அமர்ந்துவிடும். இல்லையென்றால்தான் ஈறு நோகும். சிகிச்சை முடிந்து பட்டையைக் கழற்றும்போது எஞ்சும் சிறு இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும்.

வளையம் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள்கள் வாயில் இருந்தால் போதும். இரண்டு வாரத்தைத் தாண்ட விடக் கூடாது. பள்ளித் தேர்வு நடக்கும் வாரத்திலோ, தீபாவளிப் பலகாரங்கள் வீடு நிறைந்திருக்கும்போதோ, திரும்பி வரும் தேதி உறுதியாகாத வெளியூர்ப் பயணத்துக்கு முன்போ இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை காலையில் போட்டுக்கொண்டால், வலி மிகுந்த நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை கம்பி கட்டிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.