பச்சையெல்லாம் காடு ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். நான் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் வட்டவடையிலிருந்து வருகிறேன். மூணாறு தாண்டி, டாப் ஸ்டேஷன் வழியாக எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் "என்ன பச்சை, என்ன பச்சை!" என்று மாய்ந்து போவார்கள். அந்தப் பச்சையில் தேயிலை இருக்கிறது, கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரம் இருக்கிறது, பாம்பாடும் சோலையும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அதில் சோலை மட்டும்தான் காடு. இதை நம் ஊர்க்காரர்களே மறந்துகொண்டு வருகிறோம் என்பதுதான் என் கவலை.

சோலை என்பது உயரமான மலைகளின் மடிப்புகளில் இருக்கும் மழைக்காடு. மரங்கள் அவ்வளவு உயரம் இல்லை. கிளையெல்லாம் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் அப்பிக் கிடக்கும். மழை பெய்யாத நாளிலும் மேகம் இறங்கிவிட்டால் இலை நுனியெல்லாம் சொட்டுச் சொட்டாக விழும். கீழே இலை மக்கி மக்கி, மிதித்தால் கால் அமுங்கும். ஆடி மழையை அந்த மண் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு, பங்குனி சித்திரையில் ஊற்றாக விடுகிறது. எங்கள் பூண்டும் கேரட்டும் விளைவது அந்தத் தண்ணீரில்தான். மிச்சத் தண்ணீர் பாம்பாற்றில் சேர்ந்து அமராவதி அணைக்குப் போகிறது. உடுமலை, தாராபுரம், கரூர்ப் பக்கம் இருக்கும் சொந்தபந்தங்களும் இந்தச் சோலையின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள்தான்.

கிராண்டிஸ் கதை வேறு. விறகுக்கும் காகிதக் கூழுக்கும் என்று கொண்டுவந்த யூக்கலிப்டஸ் அது. பராமரிப்பு வேண்டாம், சில வருஷத்தில் காசாகிவிடும். காய்கறிக்கு விலை கிடைக்காதபோது அதை நட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது வேகமாக வளர்கிற மரம், வளர்கிற வேகத்துக்குத் தண்ணீரையும் இழுக்கும். நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில், புல்வெளியில் யூக்கலிப்டஸ் நட்டு வருஷக்கணக்கில் ஓடைகளை அளந்து பார்த்தார்கள். நீர்வரத்து குறைந்ததைக் கண்டார்கள், கோடையில்தான் அந்தக் குறைவு அதிகம் வலிக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், எந்த ஊற்று எப்போது வற்றியது என்று இடம் காட்டிச் சொல்வார்கள்.

இது வெறும் வட்டவடைப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையின் ஈரத்தில், சாதாரண வருஷங்களில் சுமார் 40 சதவீதம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் மூச்சு விடுகிற ஈரம் என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கேரளத்தில் ஒரு காடு போனால் தமிழ்நாட்டில் ஒரு வயல் காயும். எல்லைக்கு இந்தப் பக்கம் வெட்டுகிற கோடாரிக்கு அந்தப் பக்கம் வலி. அமேசான் தன் மழையில் ஏறக்குறைய பாதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று பிரேசில் விஞ்ஞானி எனெயாஸ் சலாட்டி 1970களிலேயே காட்டினார். அந்த அமேசானும் சேர்ந்து 2024இல் மட்டும் உலகம் 67 லட்சம் ஹெக்டேர் வெப்பமண்டல ஆதிக்காட்டை இழந்தது. அதில் பாதிக்கு நெருக்கமாகத் தீயில் போனது. மரத்திலும் மண்ணிலும் அடைந்து கிடந்த கரி (கார்பன்) காற்றில் கலந்து சூட்டைக் கூட்டுகிறது.

அந்தச் சூடு நம்மிடமும் வந்துவிட்டது. பெட்டிமுடியை யாரால் மறக்க முடியும்? மூணாறு பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டக் குடியிருப்பில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தச் சரிவுக்கு மரம் வெட்டியதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அரபிக்கடல் சூடாகச் சூடாக, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை கூடுகிறது. அதைத் தாங்க வேண்டிய மலைச்சரிவில் நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அப்புறம், இங்கே வாழும் உயிர்கள். இதே இடுக்கி மாவட்டத்தில் ஊதா நிறத் தவளை ஒன்று இருக்கிறது. 2003இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது, பிரிந்து பத்துக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வருஷம் முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று கிடந்து, பருவமழை தொடங்கும் சில நாட்களில் மட்டும் வெளியே வந்து ஓடையில் முட்டையிடும். அதன் தலைப்பிரட்டைகள் பாயும் தண்ணீரில் அடித்துப் போகாமல் பாறையைக் கவ்விக்கொண்டு வளரும். ஓடை நின்றுவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

சோலை மரம் மெதுவாகத்தான் வளரும். காட்டுப்புறா பழம் தின்று போட்ட விதை, பக்கத்துச் சோலையின் நிழலில் முளைத்து, ஒரு ஆள் உயரம் வரவே காலமாகும். கிராண்டிஸ் அப்படி இல்லை. வெட்டிய கட்டையிலிருந்தே திரும்பத் துளிர்த்து, சோலை வர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கிராண்டிஸை வெட்டி முடித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாரி ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். இந்த மழைக்கு முன்னால் ஒரு தடவை போய், கட்டையில் வந்திருக்கும் துளிரை ஒடித்துவிட்டு வாருங்கள். மழை முடிந்ததும் இன்னொரு தடவை.