நின்றே கழியும் எட்டு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஹார்வி மில் காலத்திலிருந்து மதுரையில் நூற்பாலை வேலை நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த வேலை உடம்பைக் களைக்கச் செய்வதற்கு வேலையின் கடுமை மட்டுமே காரணமன்று. அது நடக்கும் இடத்தின் காற்றும் காரணம்.

காற்று காய்ந்திருந்தால் பஞ்சு நூல் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் ஈரப்பதத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கிறார்கள். நூலுக்கு நல்லதான அந்த ஈரம் ஆளுக்கு ஆகாது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். கத்திரி வெயில் நாளில் இயந்திரச் சூடும் சேர்ந்த கூடத்தில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்க, நடக்கும் கால்களுக்கும் சூட்டை வெளியேற்ற வேண்டிய தோலுக்கும் இதயமே இரத்தம் பாய்ச்சித் தீர வேண்டும். சைடு பார்க்கும், அதாவது இயந்திரத்தின் ஒரு பக்கத்தைக் கவனிக்கும் பெண்ணோ அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு ஷிப்ட் முழுவதும் நடக்கிறார். கழிப்பறைக்குப் போய்வர ஆள் மாற்றிவிட வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார். தலைவலியும் கெண்டைக்காலில் குரக்குவலியும் வந்த பிறகு மாத்திரை தேடுகிறோம்.

நின்று வேலை செய்பவர், இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு அன்றே சொல்லிவிட்டது. உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று பார்க்கும் மேற்பார்வையாளரின் கண்தான் மாறவில்லை.

12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். கூலி போதாமல் டபுள் ஷிப்ட் பார்க்கிறவருக்கு அந்தத் திருத்தம் தேவைப்படவே இல்லை.

இரவு ஷிப்ட் தனிக்கதை. விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் உடல்வெப்பம் தாழ்ந்து விழிப்பு மங்குகிறது. கை தவறுவதற்கு அந்த வேளை தோதானது. வேன் ஏறி வீடு வந்தவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், பிள்ளைகளின் சத்தத்துக்கும் சமையலுக்கும் நடுவே எவ்வளவு தூங்கிவிட முடியும்? ஷிப்டைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்குமாகப் பின்னோக்கி மாற்றினால் தூக்கம் மேலும் கெடும். பட்டியலை மாற்றி எழுத நிர்வாகத்துக்குப் புதிய இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த மாதப் பட்டியலிலேயே தொடங்கலாம்.