மருமக பாத்துக்கறா, வரிக் கழிவு யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருபது வருஷமா வேலை பாக்கறேன், எங்கம்மாவுக்கு பார்கின்சன் வந்து ஆறு வருஷம் ஆச்சு, அதனால பெரியவங்கள வெச்சுப் பாக்கறவங்க வருமான வரியில படற கஷ்டம் எனக்கு ஆபீஸ்லயும் தெரியும் வீட்லயும் தெரியும்.

ஜூலை பொறந்தா போதும், வருமான வரிக் கணக்கு போட மஞ்சப்பை நிறைய பில்லோட ஆளுங்க வருவாங்க. போன வருஷம் ஒரு அக்கா வந்தாங்க, அவங்க மாமியார் மூணு வருஷமா படுத்த படுக்கை, மெடிக்கல் ஷாப் சீட்டெல்லாம் எழுத்து மங்கி வெறும் வெள்ளப் பேப்பரா கெடக்கு, அத்தனையும் கையில காசு குடுத்து வாங்கினது. "இதுல ஒரு ரூபா கூட உங்க கணக்குல கழிக்க முடியாதுக்கா"ன்னு சொல்றதுக்குள்ள எனக்கே நாக்கு எழல. மருத்துவச் செலவ வருமானத்துல கழிச்சுட்டு மிச்சத்துக்கு வரி கட்ட விடற பிரிவு 80டி, அதுல பெத்தவங்கன்னா சொந்த அப்பா அம்மா மட்டும்தான், மாமனார் மாமியார் வரமாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பொரட்டிப் படுக்க வைக்கறவ மருமக, கழிவு கேக்கற உரிமை மகனுக்கு. அதுவும் ரொக்கமா குடுத்திருந்தா அவருக்கும் கெடையாது.

இப்ப இருக்கறதயாவது விடாம வாங்கிக்கங்க. 60 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷம் 50,000 வரைக்கும் கழிக்கலாம், 2018 பட்ஜெட்லதான் 30,000-ல இருந்து ஏத்தினாங்க. இன்சூரன்ஸே இல்லாதவங்கன்னா டாக்டர், மருந்துச் செலவயே அந்த 50,000-க்குள்ள காட்டலாம், நெறய பேருக்கு இது தெரியறதே இல்ல. 20 சதவீத வரியில இருக்கறவருக்கு செஸ்ங்கற கூடுதல் வரியோட சேத்து 10,400 ரூபா மிச்சம். கேன்சர், கிட்னி ஃபெயிலியர், பார்கின்சன், டிமென்ஷியா மாதிரின்னா, உங்கள நம்பி இருக்கற, 60 தாண்டின பெத்தவங்களுக்கு 80டிடிபி-ன்னு இன்னொரு பிரிவுல 1,00,000 வரை கழிக்கலாம், நரம்பு வியாதிக்கு மட்டும் 40 சதவீத பாதிப்புன்னு ஸ்பெஷலிஸ்ட் எழுதித் தரணும்.

ஆனா எங்க வீட்ல பெரிய செலவு மருந்து இல்லைங்க, அம்மாவப் பாத்துக்க வர்ற அக்காவோட சம்பளம், மாசம் 18,000. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தா 80டிடி பிரிவுல 75,000, பாதிப்பு 80 சதவீதம்னா 1,25,000 கழிக்கலாம். அந்தச் சான்றிதழ் கெடைக்காம, வெறும் வயசால தளந்து போனவங்கள வெச்சுப் பாக்கற குடும்பத்துக்கு இந்தச் சம்பளத்துக்குன்னு ஒண்ணும் இல்ல.

வரி கணக்குப் போட பழைய ரெஜிம், புது ரெஜிம்னு ரெண்டு முறை இருக்கு, இதெல்லாம் பழசு எடுத்தாதான். 2023-24-ல இருந்து நாம எதுவும் சொல்லலைன்னா புது ரெஜிம்லதான் போட்டுருவாங்க, அதுல நான் சொன்ன எதுவுமே கெடையாது. 15 லட்சம் சம்பளக்காரர் ரெண்டு பேரு, ஒருத்தர் வீட்ல ரெண்டு பெரியவங்க படுத்திருக்காங்க, இன்னொருத்தருக்கு அந்தப் பொறுப்பே இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே வரி. பெத்தவங்களக் கவனிக்காத பிள்ளைகிட்ட மாசம் 10,000 வரைக்கும் வாங்கித் தர 2007-லயே சட்டம் போட்ட நாடுங்க இது. கவனிக்கற பிள்ளைக்கும் புது ரெஜிம்ல ஒரு எடம் குடுங்க, அதுல மாமனார் மாமியாரயும் சேருங்க, ஆளு சம்பளத்தயும் சேருங்கன்னுதான் நான் கேக்கறேன்.

அதுவரைக்கும், மருந்துக் கடையில ஜிபே பண்ணுங்க, சீட்ட அன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க, டாக்டர் லெட்டர மார்ச்சுக்குள்ள வாங்கிருங்க. வணக்கம்.