மாஸ்டர்ஸ் முடித்தால் ஐ.ஆர். ஆகலாமா? பொறியியல் மேற்படிப்பு பற்றி நிபோங் திபாலிலிருந்து

[திரையில்: செம்பனை வரிசைகளை ஒட்டிப் போகும் சாலை, பின்னால் பல்கலைக்கழகக் கட்டடங்கள்]

வணக்கம். நிபோங் திபால் பக்கத்து ஆட்களுக்கு டிரான்ஸ்கிரியன் என்றால் தெரியும். ஒரு காலத்தில் தோட்டம். 2001-இல் யு.எஸ்.எம்., அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தன்னுடைய பொறியியல் வளாகத்தைப் பேராக்கிலிருந்து இங்கே கொண்டுவந்தது. பைரம், கலிடோனியா, விக்டோரியா என்று நம் பாட்டன் பாட்டிகள் மரம் சீவிய தோட்டங்களின் பக்கத்திலேயே இன்று பொறியியலில் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். இந்தப் பக்கம் பத்து காவான் தொழிற்பேட்டை. அங்கே ஷிப்ட் வேலை பார்க்கும் நம் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணே, மாஸ்டர்ஸ் முடிச்சிட்டா பேருக்கு முன்னால ஐ.ஆர். போட்டுக்கலாமா?"

முடியாது. ஐ.ஆர். என்பது பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழி. மாஸ்டர்ஸ் பட்டம் மட்டும் உங்களை ஐ.ஆர். ஆக்காது. கட்டணம் கட்டி, இரண்டு வருட வாரக்கடைசிகளைக் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அதற்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: "பொறியாளர் பதிவுச் சட்டம், 1967"]

மலேசியாவில் பொறியாளர் என்று பதிவு செய்வது 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. பதிவேடு பொறியாளர் வாரியத்திடம் இருக்கிறது. சுருக்கமாக பி.இ.எம். பட்டம் வாங்கியதும் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்கிறீர்கள். பிறகு குறைந்தது மூன்று வருடம் உண்மையான வேலை அனுபவம். அதற்குப் பிறகு தொழில்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் நிபுணத்துவப் பொறியாளர், அதாவது ஐ.ஆர். வரைபடங்களில் கையெழுத்திட்டு அரசாங்கத்திடம் சமர்ப்பிக்க வேண்டுமென்றால் அதற்கு மேல் தொழில் நடத்தும் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். 2015-இல் சட்டத்தைத் திருத்தியபோது வந்த பிரிவு அது.

இந்த வரிசையில் மாஸ்டர்ஸ் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? வாரியம் முதலில் பார்ப்பது உங்கள் இளங்கலைப் பட்டத்தை. அந்தப் படிப்பு பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா? நீங்கள் படித்த வருடத்துக்கும் அந்த அங்கீகாரம் பொருந்துமா? இதுதான் கேள்வி. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருப்பது வேறு, உங்கள் படிப்பு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துப் படிப்புக்கு இருக்காது.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு வாஷிங்டன் ஒப்பந்தம் கைகொடுக்கும். 1989-இல் ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் சேர்ந்து, ஒருவர் அங்கீகரித்த பட்டத்தை மற்றவர் மதிப்பது என்று முடிவு செய்தார்கள். மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது. இந்தியா 2014-இல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொறியியல் படித்துவிட்டு வந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இந்தியா உறுப்பினர் என்பதால் அங்குள்ள எல்லாக் கல்லூரியும் இதில் அடங்கிவிடாது. அங்கே என்.பி.ஏ. என்ற அமைப்பு முதல் அடுக்கு என்று வகைப்படுத்தி அங்கீகரித்த படிப்புகளுக்குத்தான் இந்த ஒப்பந்தம் பொருந்தும். அண்ணன் போன கல்லூரி, மாமா மகன் போன கல்லூரி என்று பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

சரி, முதல் பட்டம் பௌதிகமாகவோ பயன்பாட்டு அறிவியலாகவோ இருந்தால்? கதவு முழுசாக மூடிவிட்டதா? இல்லை. மாஸ்டர்ஸ் உண்மையிலேயே உங்களைப் பொறியாளராக்கக்கூடிய ஒரு வகை இருக்கிறது. பொறியியல் தொழிலில் நுழைவதற்காகவே வடிவமைத்த முதுகலை. ஆஸ்திரேலியாவில் இது பழக்கமான வழி. மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008-இல் தன் பாடமுறையை மாற்றி, முதலில் அறிவியல் பட்டம், அதற்குமேல் பொறியியல் மாஸ்டர்ஸ் என்று அமைத்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் நிபுணத்துவப் பொறியியல் முதுகலை முழுநேரமாக மூன்று வருடம். ஏற்கெனவே பொருத்தமான பாடங்களைப் படித்தவருக்குக் காலம் குறையும். இவற்றை அந்நாட்டுப் பொறியாளர் அமைப்பு, தொழிலுக்குள் நுழையும் பட்டமாகவே அங்கீகரிக்கிறது.

ஆனால் அதே பல்கலைக்கழகத்திலேயே பெயரில் ஒரு சொல் மட்டும் மாறி, அங்கீகாரம் இல்லாத மாஸ்டர்ஸும் இருக்கும். ஏஜென்ட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆகவே படிப்பின் முழுப்பெயர், வளாகம், சேரும் வருடம் மூன்றையும் எழுதி, "இந்தப் பட்டத்தோடு வந்தால் என்னைப் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்வீர்களா?" என்று பி.இ.எம்.முக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை அடகு வைத்து அனுப்பும் அப்பா அம்மாவுக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

பொறியியல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பொறியியல் தொழில்நுட்பவியலாளர் என்ற தனிப்பிரிவு இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியமும் இருக்கிறது. அதுவும் மதிப்புள்ள பாதைதான். அதை விட்டுவிட்டு, சாதாரண மாஸ்டர்ஸ் ஒன்று எடுத்தால் ஐ.ஆர். ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

[திரையில்: "அப்படியென்றால் மாஸ்டர்ஸ் எதற்கு?"]

அங்கீகாரம் பெற்ற பட்டம் கையில் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. அப்புறம் எதற்கு மாஸ்டர்ஸ்? என்னைக் கேட்டால், வேலையில் ஒரு விஷயம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் படியுங்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு செமிகண்டக்டர் பக்கம் ஆழமாகப் போக வேண்டும் என்றால் படியுங்கள். விரிவுரையாளராக ஆசை என்றால் முனைவர் பட்டத்துக்கு இது முதல் படி. பதவி உயர்வுக்காக மட்டும் என்றால், முதலில் உங்கள் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். பல தொழிற்சாலைகளில் மாஸ்டர்ஸ் பட்டத்தால் சம்பளத்தில் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை.

படிப்பில் மூன்று முறை உண்டு. பாடமுறையில் வகுப்பு, தேர்வு, கடைசியில் ஒரு சின்ன புராஜெக்ட். குறைந்தது 40 கிரெடிட். ஆராய்ச்சி முறையில் கிரெடிட் கணக்கு கிடையாது. ஒரே கேள்வியை எடுத்து, ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொல்ல வேண்டும். கலப்பு முறை இரண்டுக்கும் நடுவில். 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்களில் பலர் பாடமுறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேதி எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்பதால். நான் அவர்களுக்குச் சொல்வது, ஆராய்ச்சி முறையை உடனே ஒதுக்கிவிடாதீர்கள் என்பதுதான். ஏனென்றால் கேள்வி உங்கள் வேலையிடத்திலேயே கிடந்தால், வேலையும் படிப்பும் ஒரே திசையில் ஓடும்.

எப்படி என்று ஒரு செம்பனை எண்ணெய் ஆலையை வைத்துக் காட்டுகிறேன்.

[திரையில்: நீளமான உருளைக் கலன், அதற்குள் குலைகள் நிரம்பிய கூண்டு வண்டிகள் நுழைகின்றன]

இது ஸ்டெரிலைசர். தோட்டத்திலிருந்து வந்த குலைகளை முதலில் இதில்தான் வேகவைப்பார்கள். நீராவி அழுத்தம் சுமார் 3 பார், வெப்பம் ஏறத்தாழ 140 டிகிரி, நேரம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. ஏன் வேகவைக்கிறார்கள்? பழம் அடிபட்டதுமே அதில் இருக்கும் லிபேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். ஆவி பட்டால் அந்த நொதி செத்துவிடும். பழமும் குலையிலிருந்து எளிதாக உதிரும்.

இப்போது கவனியுங்கள். கலனுக்குள் காற்று தங்கிவிட்டால் அந்த இடத்தில் வெப்பம் ஏறாது. ஆவி நிரம்பியிருப்பதாக மீட்டர் காட்டும், நடுக்கூண்டில் இருக்கும் குலை வேகாமல் வரும். அதனால்தான் அழுத்தத்தை ஏற்றி, திறந்துவிட்டு, மறுபடி ஏற்றி, மறுபடி திறந்துவிட்டு, மூன்றாவது முறை ஏற்றிப் பிடித்து வைக்கிறார்கள். காற்றை வெளியே தள்ளத்தான் இத்தனை பாடு. நேரம் குறைந்தால் பழம் உதிராமல் குலையோடு போய்விடும். நேரம் கூடினால் கழிவுநீரோடு எண்ணெய் போகும், கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் கறுக்கும். பழுத்த குலைக்கும் அரைப்பழக் குலைக்கும் ஒரே நேரம் போதாது. ஆனால் பல இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்தான் வைக்கிறார்கள்.

பாருங்கள், மாஸ்டர்ஸ் கேள்வி இங்கேயே கிடக்கிறது. வரும் குலைகள் எவ்வளவு பழுத்திருக்கின்றன என்பதை வைத்து வேகவைக்கும் நேரத்தை மாற்றினால் கழிவுநீரில் போகும் எண்ணெய் எவ்வளவு குறையும்? வெளியே போகும் ஒவ்வொரு சொட்டும் கழிவுக் குளத்துக்குச் சுமை. ஆலைக் கழிவின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதைச் சட்டம் சொல்லும் 100-க்கும் கீழே இறக்கித்தான் ஆற்றில் விட வேண்டும். கெரியான் ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் தினமும் பார்க்கும் அந்த மீட்டரே அவருக்கு ஆய்வுக்கூடம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஆலையின் தரவுகளைப் பயன்படுத்த நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் தலைப்பைப் பதிவு செய்ய வேண்டும். பாதியில் அனுமதி மறுத்தால் மொத்த உழைப்பும் போய்விடும்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகலைக்குக் கட்டும் கட்டணத்தில் வருடத்துக்கு 7,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், எந்தத் துறையாக இருந்தாலும். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் எடுங்கள் என்பது என் கருத்து. ஆராய்ச்சி முறையில் முழுநேரமாகச் சேர்ந்தால், மேற்பார்வையாளரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து உதவியாளர் சம்பளம் கிடைக்கிற வாய்ப்பும் இருக்கிறது. கேட்டால்தான் தெரியும், கூச்சப்படாதீர்கள்.

வேலைக்குப் போய் நாலைந்து வருடம் ஆனவர்களுக்குக் கணக்கு மறந்திருக்கும். வகைக்கெழுச் சமன்பாடும் புள்ளியியலும் சேருவதற்கு முன்பே ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். அதைவிடக் கஷ்டம் எழுதுவது. தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய், பிறகு ஆங்கிலம் என்று வந்த நமக்கு, நூறு பக்கத்தை ஆங்கிலத்தில் கோவையாக எழுதுவது புது வேலை. மூன்று மொழியில் யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது வராமல் போகாது. தினம் அரைப்பக்கம் எழுதுங்கள். அன்று ஆலையில் பார்த்ததை எழுதினாலே போதும்.

இன்னொன்று, ஐ.ஆர். பாதையில் இருப்பவர்கள் பட்டதாரிப் பொறியாளர் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பகுதிநேரமாகப் படித்தால் வேலை அனுபவமும் கூடவே வளரும். செய்த வேலைகளை மாதாமாதம் குறித்து வைத்து, உங்களை மேற்பார்க்கும் ஐ.ஆர். ஒருவரிடம் காட்டி வாருங்கள்.

[திரையில்: மின்னஞ்சல் எழுதும் பெட்டி]

கடைசியாக, மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல். "மதிப்பிற்குரிய பேராசிரியர், நான் மாஸ்டர்ஸ் செய்ய விரும்புகிறேன், தலைப்பு கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். அப்படி வரும் கடிதங்கள் அவர்களுக்கு ஏராளம். முதல் வரியில் நீங்கள் யார், எங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள். இரண்டாவது வரியில் உங்கள் கேள்வி, அந்த ஸ்டெரிலைசர் கேள்வியைப் போல. பிறகு அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்த இடம் உங்கள் கேள்வியோடு சேர்கிறது என்று இரண்டே வரி. முழுநேரமா பகுதிநேரமா, நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். அவ்வளவு போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்குள் அதே துறையில் இன்னொருவருடைய கட்டுரையையும் படிக்க ஆரம்பித்துவிடுங்கள்.