நீல மையில் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

எந்தக் கடையின் பில்லை எடுத்துப் பார்த்தாலும், ‘ஒருமுறை விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்பதுபோல ஏதேனும் ஒரு வரி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். மொத்த வியாபாரத்தில் பின்பக்கம் முழுவதுமே நிபந்தனைகள்தாம். பல ஆண்டுகளுக்கு முன் நெசவு நூல் வாங்கிய ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பில்லிலும் அந்த வாசகம் இருந்தது. ஆனால் முன்பக்கத்தில், தொகைக்குக் கீழே, ‘சாயம் ஒட்டாவிட்டால் 15 நாளில் மாற்றித் தரப்படும்’ என்று விற்றவரே நீல மையில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். சாயம் ஒட்டவில்லை, விற்றவர் பின்பக்கத்தைக் காட்டினார்.

இரண்டும் மோதும்போது தனியாகப் பேசி எழுதிய வரிதான் செல்லும். அச்சுப் படிவம் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக என்றோ தயாரித்தது. நீல மை வரியோ இந்தச் சரக்குக்காக, இந்த இருவரும் பேசி முடித்தது.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆரஞ்சுப் பழங்கள் நினைவுக்கு வரும். ஸ்பெயினின் மலகா துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு ஆரஞ்சு ஏற்றிய ஒரு கப்பல், நேரே போகாமல், எதிர்த்திசையில் ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள புரியானாவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. தாமதத்தில் பழங்கள் கெட்டன. மத்தியதரைக் கடல், கருங்கடல், ஆப்பிரிக்கக் கரை என்று எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம் என அச்சு வாசகம் இடம் தருகிறதே என்றார்கள் கப்பல்காரர்கள். 1893இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. மலகாவிலிருந்து லிவர்பூலுக்கு ஆரஞ்சு கொண்டுசேர்ப்பதே ஒப்பந்தத்தின் முதன்மை நோக்கம் என்றும், பொது வாசகம் அதற்கு முரண்படும் அளவுக்கு விலகிக்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்தம் விற்பனைப் பத்திரமன்று, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல்காரர் தரும் சரக்குச் சீட்டுதான். ஆயினும் சிக்கல் இதே சிக்கல். அழுகும் பழத்தை ஏற்றியவர் கருங்கடல் வரை சுற்றிவரச் சம்மதித்திருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தனி வரி ஒன்று எழுதப்பட்டதால் பின்பக்கம் முழுவதும் செத்துவிடாது. மோதுகிற வாசகம் மட்டுமே விலகும். நூல்காரரின் பில்லில், தவணை தவறினால் வட்டி என்ற அச்சு வரி அப்படியே உயிரோடுதான் இருந்தது.

நாடுகளின் தனியார் சட்டங்களை ஒருமுகப்படுத்த உழைக்கும் யுனிட்ராய்ட் என்ற பன்னாட்டு நிறுவனம் 1994இல் வெளியிட்ட பன்னாட்டு வணிக ஒப்பந்தக் கோட்பாடுகளும், ஜெர்மனியின் உரிமையியல் சட்டத்தொகுப்பின் 305பி பிரிவும் இதே விதியைத்தான் சொல்கின்றன.

வாய்மொழியாகப் பேசியவை பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் முடியப்போகிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைச் சாட்சியமாக்குவதை, சில விலக்குகள் நீங்கலாக, நமது சாட்சியச் சட்டம் தடுக்கிறது. ஆகவே தொலைபேசியில் சலுகை பேசினால், சரக்கு வண்டி ஏறுவதற்கு முன்பே ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு அதை எழுதி அனுப்பி, எதிர்த்தரப்பின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.