வசியம் யார் கையில்?

சபையோருக்கு வணக்கம். ஹிப்னாடிசத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மனோவசியம். வசியம் என்றாலே வைக்கிறவர் ஒருவர், மாட்டிக்கொள்கிறவர் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. அந்தப் பெயரோடுதான் எனக்கு வழக்கு.

1784. பாரிஸில் மெஸ்மர் என்ற வைத்தியர், காந்த சக்தியைப் பாய்ச்சி நோய் தீர்ப்பதாகச் சொல்ல, ஊரே அவர் பின்னால் திரண்டது. மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு போட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியர் எல்லாம் அதில் இருந்தார்கள். பிராங்க்ளினுக்கு உடம்பு சரியில்லை. அதனால் பாரிஸை ஒட்டிய பாஸியில் அவர் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு சோதனை. மெஸ்மரின் சீடர் தெஸ்லோன் அங்கிருந்த ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் 'காந்தம் ஏற்றினார்'. 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து, காந்தம் ஏற்றாத மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதல் மரத்திலேயே வேர்த்துக் கொட்டியது, இருமல் வந்தது. போகப்போகத் தலை கிறுகிறுத்தது. நாலாவது மரத்தடியில் கைகால் விறைத்து மயங்கியே விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ 24 அடி தள்ளி நின்றது!

எல்லாம் கற்பனை என்று குழு எழுதிவிட்டது. எனக்கு அங்கேதான் ஆதங்கம். காந்தம் பொய், சரி. பையனுக்கு வேர்த்தது பொய்யா? வெறும் எதிர்பார்ப்பு ஒரு உடம்பை இந்தப் பாடு படுத்துமென்றால், அதையல்லவா தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்?

தோண்டியவர் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு. நண்பர் ஒருவரை ஒரு மது பாட்டிலின் கழுத்தையே உற்றுப் பார்க்கச் சொன்னார். கையசைப்பு, மந்திரம் எதுவும் கிடையாது. மூன்றே நிமிடத்தில் இமைகள் மூடிக்கொண்டன. கிரேக்கத்தில் தூக்கத்துக்கான சொல்லை வைத்து 'ஹிப்னாடிசம்' என்று பெயரிட்டவரும் அவரே. இது தூக்கமே இல்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிவது என்று பின்னால் அந்தப் பெயரையே மாற்றப் பார்த்தார். பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

1997-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். கையை வலிக்கும் அளவு சூடான நீரில் வைத்தவர்களிடம், அறிதுயில் நிலையில், அதாவது ஹிப்னாடிச நிலையில், வலியின் வேதனை குறைகிறது அல்லது கூடுகிறது என்று சொன்னார்கள். நீரின் சூடு அதேதான். ஆனால் வேதனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கம் சொல்லுக்கேற்ப மாறியது. தொடு உணர்வுப் பகுதி அப்படி மாறவில்லை. சுட்டது தெரிகிறது, அது படுத்தும் பாடுதான் குறைகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மறந்துபோனதை ஹிப்னாடிசத்தால் மீட்கிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அந்த நிலையில் கற்பனையும் நினைவும் கலந்துவிடும்; நடக்காததையும் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள், மனசாரவே. அப்படி மீட்ட நினைவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 1982-இலேயே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.