வெயில் இருந்தும் கரன்ட் இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம். மாடியில் சோலார் போட்ட பலரும் கேட்கும் கேள்வி இது: உச்சி வெயில் அடிக்கிறது, பேனலும் இருக்கிறது, அப்புறம் கரன்ட் போனதும் ஃபேன் ஏன் நின்றுபோகிறது?

பழுது ஒன்றும் இல்லை. பேனல் கரன்ட்டை வீட்டுக்கு ஏற்ற கரன்ட்டாக மாற்றும் கருவிதான் சோலார் இன்வெர்ட்டர். மின்வாரிய லைனோடு இணைந்த அது, லைனில் கரன்ட் இல்லை என்றதும் தானாக நின்றுவிடும். அப்படி நிற்காமல் நம் மாடி கரன்ட் லைனுக்குப் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்து. பேட்டரி சேர்க்கும்போதும் இந்தப் பாதுகாப்பு கொஞ்சமும் குறையக்கூடாது.

சரி, பேட்டரி தேவையா? உங்கள் ஊரில் கரன்ட் எப்படிப் போகிறது என்று முதலில் பாருங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் போய் வருகிறதென்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யுபிஎஸ் போதும். பகலில் அதுவும் சோலார் கரன்ட்டில்தான் சார்ஜ் ஆகிறது. இவர்கள் புதிதாகப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் சோலார் வயரை யுபிஎஸ்ஸின் அவுட்புட் பக்கம் இணைத்துவிடாதீர்கள். பேனல் கரன்ட் பின்வழியாகப் புகுந்து யுபிஎஸ்ஸைக் கெடுத்துவிடும்.

புயல் தாக்கும் ஊர்களின் நிலை வேறு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அங்கே வெறும் பேட்டரி ஓர் இரவில் தீர்ந்துவிடும். மறுநாள் பேனல் அதை நிரப்பியாக வேண்டும். இதற்கு ஒரு வழி, பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு பேனல், பேட்டரி இரண்டையும் சேர்த்து இயக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் போடுவது. இன்னொரு வழி, பழையதை வைத்துக்கொண்டே பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்ப்பது. அது வீட்டு லைனை மின்வாரிய லைனிலிருந்து துண்டித்து, மின்வாரிய லைனைப் போலவே தானும் 50 ஹெர்ட்ஸ் கரன்ட், அதாவது நொடிக்கு 50 முறை அலையும் கரன்ட் கொடுக்கும். லைன் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சோலாரும் ஓடத் தொடங்கும். பேட்டரி நிரம்பியதும் பேட்டரி இன்வெர்ட்டர் அந்த ஹெர்ட்ஸைச் சற்றே உயர்த்தும். அதை உணர்ந்து சோலார் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பழைய இன்வெர்ட்டருக்கு இப்படிக் குறைக்கத் தெரியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு பேட்டரி? நான்கு ஃபேன், சில எல்இடி விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ் என்றால் சராசரியாக 400 வாட் பக்கம் வரும். 5 யூனிட் லித்தியம் பேட்டரியில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். சுமார் 10 மணி நேரம் ஓடும். அதிலேயே ஒன்றரை டன் ஏசி போட்டால் 3 மணி நேரம்தான். அதனால் அவசியமான லைன்களை மட்டும் தனியாகப் பிரித்து பேட்டரிக்குக் கொடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவுதான், ஆனால் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதன் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது.

இன்வெர்ட்டரை மாற்றும் முன் மின்வாரியத்தில் தெரிவித்து அனுமதி பெறுங்கள். வேலை முடிந்ததும், பணத்தைக் கொடுக்கும் முன், நல்ல வெயிலில் மெயினை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் ஓடினால் மட்டும் போதாது. பேனல் கரன்ட் தருகிறதா, மெயினுக்கு வெளியே கரன்ட் கசியவில்லையா என்று மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். நன்றி, வணக்கம்.